எந்த ‘நகுமோமு’?

டயாலிசிஸ் சிகிச்சை பெரும்பாலும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் நீடிக்கும். பாதியில் நிறுத்தினால் கழிவும் மிகைநீரும் உடலில் தங்கிவிடும். எங்கள் பிரிவுக்கு வரும் முதியவர் ஒருவர், இரண்டு மணி நேரத்திலேயே வீடு திரும்ப வேண்டுமென வற்புறுத்துவார்.

அரியலூரிலிருந்து திருமானூர் வழியே கொள்ளிடத்தைக் கடந்தால் திருவையாறு. அங்கு வாழ்ந்த தியாகராஜரின் (1767–1847) ‘நகுமோமு’ கீர்த்தனை அவருக்கு உயிர். அவர் மகன், பாலமுரளிகிருஷ்ணா பாடிய பதிவைக் கைப்பேசியில் கொண்டுவந்தார். ஒலி தெளிவாக இருந்தது. பெரியவரோ, “இது நான் கேட்ட பாட்டு இல்லை” என்றார்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. இருவர் பாடியதும் ஆபேரிதான். ஆயினும் முசிறி சுப்பிரமணிய ஐயர் சதுச்ருதி தைவதத்திலும், பாலமுரளி சுத்த தைவதத்திலும் பாடினர். அடுத்த முறை முசிறியாரின் பழைய பதிவு வந்தது. இரைச்சலுக்கிடையே அக்குரல் எழுந்ததும் பெரியவர் கண்மூடிக்கொண்டார். அன்று சிகிச்சை முழுமையாக நிறைவுற்றது.

இசை பதற்றத்தைத் தணிக்கக்கூடும் என ஆய்வுகள் கூறுகின்றன. மருந்துக்கு அது மாற்றன்று. ஆகவே உறவினர்களே, எந்தப் பாட்டு என்பதோடு யார் பாடியது என்றும் நோயாளியிடம் கேளுங்கள். பேச இயலாதவரெனில் முகக்குறிப்பைக் கவனியுங்கள். செவிலியரின் அழைப்பு கேட்குமளவுக்கு ஒலியைக் குறைத்து வையுங்கள். இசைக்கிடையே தலைசுற்றலோ தசைப்பிடிப்போ தோன்றினால் உடனே எங்களிடம் சொல்லுங்கள்.