உருப்போட்டால் இங்கிலீஷ் வருமா?



கீரிப்பாறையில் பொழுது விடியுமுன் ரப்பர் பால் வெட்டக் கிளம்பும் தொழிலாளியைக் கேளுங்கள். குளச்சலில் இரவெல்லாம் கடலோடு மல்லாடிக் கரையேறும் மீனவரைக் கேளுங்கள். "நம்ம பிள்ளையாவது நாலு எழுத்து இங்கிலீஷ் படிக்கட்டும்" என்பார்கள். இந்த ஆசையில் குற்றமென்ன? வளைகுடா வேலைக்கான ஒப்பந்தமும், பாங்கிக் கடன் பத்திரமும் பெரும்பாலும் அந்தப் பாஷையில்தானே வருகின்றன? வாசிக்கத் தெரியாதவன் கையெழுத்துப் போடுகிறான். வாசிக்கத் தெரிந்தவன் லாபம் பார்க்கிறான்!

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அந்த இங்கிலீஷ் எப்படிப் போதிக்கப்படுகிறது? எப்படிச் சோதிக்கப்படுகிறது?

பாடத்திட்டத்தைப் பழிக்க வேண்டியதில்லை. 2010இல் சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது. அதை நிறுத்திவைக்க முயன்றபோது, 2011 ஆகஸ்டு 9இல் உச்சநீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. மெட்ரிகுலேஷன் பிள்ளைக்கும் நம் பிள்ளைக்கும் ஒரே பாடம் என்றாயிற்று. 2018லும் 2019லும் வந்த புதிய புத்தகங்களில் உரைநடை, செய்யுள், துணைப்பாடம் மூன்றும் உண்டு. கேட்கவும் பேசவும் படிக்கவும் எழுதவும் பயிற்சிகள் உண்டு.

கோளாறு பரீட்சையில் இருக்கிறது. 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தது. அப்போது எழுத்துப் பரீட்சைக்கு 60 மார்க் என்று வகுத்தார்கள். வகுப்பில் பிள்ளை அன்றாடம் செய்யும் வேலைக்கு 40. நோக்கம் நல்ல நோக்கமே. நடப்பது என்ன? பல பள்ளிகளில் நாற்பதுக்குக் கடையில் வாங்கிய படம் ஒட்டிய சார்ட்டு. அறுபதுக்குக் கரும்பலகையைப் பார்த்தெழுதி உருப்போட்ட விடை. செய்யுளை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம் புதிதாக நாலு வரி கொடுத்துப் பாருங்கள், திணறுகிறான். மார்க் இருக்கிறது, மொழி இல்லை!

இதற்குச் சிலர் சொல்லும் மருந்து, "பெயிலாக்கு!" என்பது. எட்டாம் வகுப்பு வரை எவரையும் நிறுத்திவைக்கலாகாது என்றது 2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம். 2019இல் மத்திய அரசு அதைத் திருத்தி, 5, 8 வகுப்புகளில் பெயிலாக்க வழி திறந்தது. தமிழகத்திலும் பொதுத்தேர்வு என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு கிளம்பியது, 2020 பிப்ரவரி 4இல் கைவிட்டார்கள். 2024 டிசம்பரில் மத்திய அரசு மறுபடி விதியை மாற்றியது, தமிழ்நாடு ஏற்கவில்லை. சரியான முடிவு! பெயிலான தோட்டத் தொழிலாளி மகன் டியூஷனுக்கா போவான்? பால் வெட்டும் கத்தியைத்தான் கையிலெடுப்பான்.

ஆனால், பெயிலாக்காமல் விடுவது பாதி நீதிதான். கற்றுக் கொடுப்பது மறுபாதி. அந்த மறுபாதி எங்கே?

நம் தேரூர்க் கவிமணியை நினைத்துப் பாருங்கள். பள்ளி ஆசிரியராக உழைத்தவர். எட்வின் ஆர்னால்டின் இங்கிலீஷ் காவியத்தைத் தழுவித் தமிழுக்கு 'ஆசிய ஜோதி' தந்தார். உருப்போட்டவரால் ஆகிற காரியமா அது? பொருளுணர்ந்து படித்தவரால் ஆன காரியம்!

ஆகவே நாம் கேட்க வேண்டியவை இவை. பரீட்சையில் பாதிக் கேள்வியாவது பிள்ளை முன்பின் பாராத பத்தியிலிருந்து வரட்டும். வாய்ப் பரீட்சை உண்மையாக நடக்கட்டும். பின்தங்கிய பிள்ளைக்குப் பள்ளி நேரத்திலேயே தனிப் பயிற்சி வேண்டும். பாடமும் நடத்திப் பதிவேடும் நிரப்பிச் சலிக்கும் ஆசிரியரின் சுமை குறைய வேண்டும். காலியிடங்கள் நிரம்ப வேண்டும்.

யார் கேட்பது? நீங்கள்தான்! அரசு, உதவிபெறும் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்கவேண்டும் என்கிறது சட்டம். அந்த நாற்காலியைக் காலியாக விடாதீர்கள்.

இன்றிரவே ஒன்று செய்யுங்கள். பிள்ளையின் மார்க் பட்டியலை ஓரமாக வையுங்கள். நடத்தாத பாடத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சொல்லுங்கள். படித்ததைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இந்தச் சோதனைக்கு உங்களுக்கு இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பிள்ளை சொன்னால் மகிழுங்கள். விழித்தால், மறுநாளே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள். நாளை அவன் கையெழுத்திடும் ஒப்பந்தத்தை அவனே படித்தாக வேண்டும்!