கண்ணுக்குப் புலனாகாத துணை



வானத்து விண்மீன் ஒன்றிற்கு அரபு மக்கள் ‘ரஃஸுல் கூல்’, அதாவது பூதத்தின் தலை, என்று பெயரிட்டிருந்தனர். மேலை நாட்டார் நாவில் அது ‘அல்கால்’ எனத் தேய்ந்தது. ஏறத்தாழ 2 நாள் 21 மணிக்கு ஒருமுறை அதன் ஒளி மங்கி மீள்கிறது. செவிப்புலன் இழந்த ஜான் குட்ரிக் என்னும் இளைஞர் 1783-இல் இக்கால அளவைக் கணித்து, இருண்ட பொருளொன்று அதனைச் சுற்றிவந்து மறைக்கக்கூடும் என்றார். அவர் எண்ணம் பொய்க்கவில்லை. அங்கே மிக நெருங்கிச் சுற்றும் இரு விண்மீன்கள் இருக்கின்றன.

ஆனால் அவ்விணையே ஒரு புதிராயிற்று. எடை மிகுந்த விண்மீன் தன் எரிபொருளை விரைந்து தீர்த்து, முதலில் முதுமையடையும். இது வான நூலின் விதி. அல்காலிலோ எடை குறைந்ததே முதுமையுற்று வீங்கிக் கிடக்கிறது! விடை எளிது. முற்காலத்தில் அதுதான் எடை மிகுந்ததாய் இருந்தது. வீங்கியபோது, அதன் மேற்பரப்பு துணையின் ஈர்ப்பு எல்லைக்குள் சென்றது. பொருள் வழிந்து துணையிடம் சேர்ந்தது. மூத்தது மெலிந்தது, இளையது பெருத்தது.

அல்கால் இணை சிறியது. அதில் கருந்துளை தோன்றாது. இதே கொடுக்கல் வாங்கல், சூரியனைப்போல் பன்மடங்கு எடையுள்ள இரு விண்மீன்களுக்கிடையே நிகழ்ந்தால் என்னவாகும் என்பதைக் கவனியுங்கள். சூரியனின் ஆயுள் சுமார் 1000 கோடி ஆண்டுகள். அத்தகைய பெருவிண்மீனுக்கோ சில பத்து இலட்சம் ஆண்டுகளே. மேலாடையை இழந்த பின் அதன் ஹீலியம் கரு மட்டும் எஞ்சும். எரிபொருள் தீர்ந்ததும் அக்கருவைத் தாங்க எதுவுமில்லை. தன் எடையாலேயே அது உள்நோக்கிச் சரிந்து, ஒளியும் வெளியேற இயலாத கருந்துளையாகிறது.

இத்தகையதொன்று அன்னம் எனும் விண்மீன் கூட்டத்தில் உள்ளது. அரபியர் அதைக் கோழி என்றனர். அதன் வாலில் ஒளிரும் ‘தெனெப்’ என்பதன் பொருளே வால்தான். அத்திசையிலிருந்து எக்ஸ் கதிர்கள் வருவதை 1964-இல் ராக்கெட் ஒன்று கண்டது. 1970 டிசம்பரில் கென்யக் கடற்கரையோரம் ஏவப்பட்ட ‘உஹுரு’ செயற்கைக்கோள் அதனை மேலும் ஆராய்ந்தது. (உஹுரு என்பது ‘விடுதலை’ எனும் பொருளுடைய சுவாஹிலிச் சொல்; ‘ஹுர்’ என்ற அரபுச் சொல்லை அறிந்தவர்க்கு அது அந்நியமன்று.) 1971, 72 ஆண்டுகளில் லூயிஸ் வெப்ஸ்டர், பால் மர்டின் இருவரும், தனியே டாம் போல்ட்டனும், அங்குள்ள நீலப் பெருவிண்மீன் ஒன்று 5.6 நாளுக்கொருமுறை கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்றுடன் சுற்றுவதைக் கண்டனர்.

2021-இல் வெளியான அளவீட்டின்படி அப்பொருளின் எடை சூரியனைப்போல் சுமார் 21 மடங்கு. தொலைவு ஏறத்தாழ 7,200 ஒளியாண்டு. துணை விண்மீனிலிருந்து வீசும் வாயுவைக் கருந்துளை இழுக்க, அது சுழன்று விழுகையில் கோடிக்கணக்கான பாகை வெப்பமடைந்து எக்ஸ் கதிர்களைச் சொரிகிறது. இரண்டிற்கும் இடைவெளி, பூமிக்கும் சூரியனுக்கும் உள்ளதில் கால் பங்கே. மூத்தது பெருவெடிப்பாய்ச் சிதறியிருந்தால் இவ்விணை பிரிந்திருக்கவும் கூடும். அது பெரும் வெடிப்பின்றி அமைதியாகச் சரிந்திருக்க வேண்டுமென ஆய்வாளர் கருதுகின்றனர்.

இளையதற்கும் ஒருநாள் முதுமை வரும். அப்போது அது வீங்கினால், கருந்துளை அதன் மேலாடைக்குள்ளேயே சுற்ற நேரிடலாம். உராய்வினால் வாயு வெளியே எறியப்படும், சுற்றுப்பாதை சுருங்கும். பின்னர் அதன் கருவும் சரிந்தால், நெருக்கமான இரு கருந்துளைகள் எஞ்சும். இவ்வாறு சுருங்காவிடில், பிரபஞ்சத்தின் 1380 கோடி ஆண்டு வயதும் அவை ஒன்றுசேரப் போதாது. (விண்மீன்கள் செறிந்த கொத்துகளில், தனித்தனியே பிறந்த கருந்துளைகள் சந்தித்து இணைவதும் உண்டென்பர், அது வேறு வழி.)

எவ்வழியில் உண்டாயினும், அத்தகைய இணை ஒன்றின் முடிவு 2015 செப்டம்பர் 14 அன்று பதிவாயிற்று. அமெரிக்காவின் இரு லைகோ நிலையங்களும், 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் 36, 29 சூரிய எடையுள்ள கருந்துளைகள் ஒன்றானதை உணர்ந்தன. சேர்ந்தபின் எடை 65 அன்று, 62. குறைந்த 3 சூரிய எடையும் ஒரு நொடிக்குள் ஈர்ப்பலைகளாய் வெளியேறியது. அவ்வலை பூமியைக் கடந்தபோது லைகோவின் 4 கிலோமீட்டர்க் குழாய்கள் அசைந்த அளவு, ஒரு புரோட்டானின் அகலத்தில் ஒரு சிறு பின்னமே.