தெரிவு செய்யாதோருக்கான தெரிவு: லினக்ஸ் உலகில் இயல்பிருப்பைத் தீர்மானிப்பது யார்?

கணினியொன்றை இயக்கியதும் திரையில் தோன்றும் உலாவி எது, எழுதுவதற்கான மென்பொருள் எது, புதிய மென்பொருளை எங்கிருந்து பெறுவது என்பனவற்றையெல்லாம் தாமே தீர்மானித்ததாக எவரும் எண்ணுவதில்லை. அவை ஏற்கனவே அங்கு இருக்கின்றன, நாம் பாவிக்கின்றோம். பெரும்பாலானோர் அவற்றை இறுதிவரை மாற்றுவதுமில்லை. பாவனையாளர் எதனையும் தெரிவு செய்யாதவிடத்து அவருக்காக முன்கூட்டியே தெரிவு செய்து வைக்கப்பட்டிருப்பதையே கணினித்துறையினர் இயல்பிருப்பு என்கின்றனர்.

வணிக இயங்குதளங்களில் இத்தீர்மானம் நிறுவனத்துக்குள்ளேயே எடுக்கப்பட்டு, முடிவு மாத்திரம் வெளியே வருகின்றது. லினக்ஸ் உலகில் அது பெரும்பாலும் பகிரங்கமாகவே நிகழ்கின்றது. அதனாலேயே அங்கு சச்சரவுகளும் அதிகம். எவரும் எதனையும் மாற்றிக்கொள்ளக்கூடிய சுதந்திர மென்பொருளில் இயல்பிருப்புக்காக இத்தனை சண்டை எதற்கு என வெளியிலிருந்து பார்ப்பவர் வினவலாம். மாற்றக்கூடியவர்கள் சிலரே, மாற்றாதவர்கள் பலர் என்பதே அதற்கான விடையாகும்.

லினக்ஸ் என்பது, கண்டிப்பாகக் கூறின், லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்ட கருப்பகுதியை மாத்திரமே குறிக்கும். அதனைச் சூழப் பல்லாயிரம் மென்பொருட்களைச் சேர்த்து, ஒன்றோடொன்று முரண்படாதவாறு ஒழுங்குபடுத்தி வழங்கும் தொகுப்பே வழங்கல் எனப்படுகின்றது. 1993 ஓகஸ்டில் இயன் மேர்டொக் என்பவர் ஆரம்பித்த டெபியன் அவற்றுள் மூத்தவற்றில் ஒன்று. இன்று அதன் களஞ்சியத்தில் 60,000 இற்கும் மேற்பட்ட பொதிகள் உள்ளன. உபுண்டு, லினக்ஸ் மின்ட் முதலான பல வழங்கல்கள் அதன் மீதே எழுப்பப்பட்டவை.

ஒரு மென்பொருள் இயங்குவதற்கு வேறு பல துணை நூலகங்கள் தேவைப்படும். அவை ஒவ்வொன்றுக்கும் இன்னும் சில தேவைப்படும். ஆரம்ப காலத்தில் இவற்றைப் பாவனையாளரே ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. 1999 மார்ச்சில் வெளிவந்த டெபியன் 2.1 பதிப்புடன் அறிமுகமான ஏபிடி என்ற கருவி இந்தச் சிரமத்தை நீக்கியது. வேண்டிய மென்பொருளின் பெயரைக் கூறினால் போதும், தேவையான அனைத்தையும் அதுவே களஞ்சியத்திலிருந்து கொண்டுவந்து நிறுவிவிடும். ரெட் ஹட் வழிவந்த வழங்கல்களில் ஆர்பிஎம் பொதிகளுக்காக இப்பணியை முதலில் யம் என்ற கருவியும், 2015 இல் பெடோரா 22 முதல் டிஎன்எவ் என்ற கருவியும் செய்து வந்துள்ளன.

இக்கருவிகள் கணினியின் உச்ச அதிகாரத்துடன் இயங்குபவை. ஒரு பொதி உண்மையானதா, போலியானதா என்பதை மின்கையொப்பத்தைக் கொண்டு சரிபார்ப்பவையும் அவையே. ஆகவே, எந்தப் பொதி முகாமைக் கருவி இயல்பிருப்பாக அமைய வேண்டும் என்பது வசதி பற்றிய விடயம் மாத்திரமன்று. வீட்டின் திறப்பு யாரிடம் இருக்க வேண்டும் என்பதையும் அது தீர்மானித்து விடுகின்றது.

இத்தகைய தீர்மானமொன்று எவ்வளவு கடினமானதாக அமையும் என்பதை டெபியன் 2013 - 2014 காலப்பகுதியில் அனுபவித்தது. கணினி விழித்தெழும்போது ஏனைய சேவைகளை வரிசைப்படி ஆரம்பித்து வைக்கும் அடிப்படை மென்பொருளை மாற்ற வேண்டிய நிலை அப்போது தோன்றியிருந்தது. பழைய முறை காலாவதியாகிவிட்டது என்பதைப் பலர் ஏற்றுக்கொண்டனர். அதன் இடத்துக்கு வரவேண்டியது எது என்பதிலேயே பிணக்கு. ரெட் ஹட் பொறியியலாளர்கள் 2010 இல் ஆரம்பித்த சிஸ்டம்டி ஒருபுறம். உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனத்தின் அப்ஸ்டார்ட் மறுபுறம். விடயம் எட்டுப் பேரைக் கொண்ட தொழில்நுட்பக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. மாதக்கணக்கில் நீடித்த விவாதத்தின் பின்னர், 2014 பெப்ரவரியில் வாக்குகள் நான்குக்கு நான்கு எனச் சமமாகப் பிரிந்தன. தலைவர் பிடேல் கார்பி தமது தீர்மானிக்கும் வாக்கைச் சிஸ்டம்டிக்கு அளித்தார். எட்டுப் பேரில் ஒருவரது வாக்கு, உலகெங்குமுள்ள டெபியன் கணினிகள் விழித்தெழும் விதத்தைத் தீர்மானித்தது.

சில தினங்களிலேயே உபுண்டுவின் நிறுவுநர் மார்க் ஷட்டில்வேர்த் தோல்வியை ஏற்றுக்கொண்டு, தமது வழங்கலும் சிஸ்டம்டிக்கு மாறும் என அறிவித்தார். நாகரிகமான செயல் என்றே அதனைக் கூற வேண்டும். டெபியனுக்குள் மனக்கசப்பு அத்துடன் தீரவில்லை. அவ்வருடம் நவம்பரில் உறுப்பினர் அனைவரும் பங்குபற்றக்கூடிய பொது வாக்கெடுப்பொன்று நடைபெற்றது. இவ்விடயத்தில் பொதுத் தீர்மானம் எதுவும் அவசியமில்லை என்ற தெரிவே அதில் வென்றது. குழுவின் உறுப்பினர் மூவர் பதவி விலகினர். மனமொவ்வாத ஒரு சாரார் பிரிந்து சென்று டெவுவான் என்ற புதிய வழங்கலை ஆரம்பித்தனர். அதன் முதலாவது பதிப்பு 2017 மே மாதம் வெளிவந்தது. 2019 டிசெம்பரில் இதே பிணக்கு மீண்டும் வாக்கெடுப்புக்கு வந்தது. சிஸ்டம்டியை முதன்மையாகக் கொண்டு, மாற்று வழிகளை ஆராய்வோருக்கும் இடமளிப்பது என அப்போது முடிவாயிற்று.

இவ்வளவு பரபரப்புக்கும் உரிய விடயமா இது என்று கேட்பவர்களுக்கு, 2024 மார்ச்சில் வெளிப்பட்ட சம்பவம் ஒன்றை நினைவூட்டலாம். எக்ஸ்இஸெட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் சிறிய மென்பொருளில் இரகசிய வாயிலொன்று திட்டமிட்டு வைக்கப்பட்டிருந்தது. ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஒருவர் இரண்டாண்டுகளுக்கும் மேலாக நல்ல பங்களிப்பாளராகச் செயற்பட்டு, நம்பிக்கையைப் பெற்று, அதன் பராமரிப்புப் பொறுப்பிலும் பங்கு பெற்ற பின்னரே இதனைச் செய்திருந்தார். இலக்கு, தொலைவிலிருந்து கணினிகளுக்குள் நுழைவதற்கு உதவும் ஓப்பன் எஸ்எஸ்எச் என்ற சேவை. அச்சேவைக்கும் எக்ஸ்இஸெட்டுக்கும் மூலத்தில் எந்தத் தொடர்பும் கிடையாது. சேவை ஆரம்பித்துவிட்டதைச் சிஸ்டம்டிக்கு அறிவிப்பதற்காகச் சில வழங்கல்கள் தாமே சேர்த்திருந்த சிறு திருத்தம் சிஸ்டம்டியின் நூலகத்தை உள்ளே இழுத்தது. அந்நூலகம் எக்ஸ்இஸெட்டை இழுத்தது. டெபியனும் பெடோராவும் அவ்வாறு செய்தவற்றுள் அடங்கும். உள்நுழைவதற்கு ஏறக்குறைய அரை விநாடி அதிகமாகச் செல்வதைக் கவனித்துத் துருவிப் பார்த்த அன்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியியலாளரால், நிலையான பதிப்புகளை அடையுமுன்னரே அது கண்டுபிடிக்கப்பட்டது. சிஸ்டம்டி மீது பழி சுமத்துவது இங்கு நியாயமாகாது. ஆயினும், இயல்பிருப்பாக எடுக்கப்பட்ட ஒரு தெரிவு, பத்து ஆண்டுகளின் பின்னர், அதனை எடுத்தவர்கள் எதிர்பாராத ஓரிடத்தில் விளைவைக் காட்டியது என்பதை மறுப்பதற்கில்லை.

உபுண்டுவின் ஸ்னாப் விவகாரம் வேறு வகையானது. ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய நூலகங்களையும் ஒரே பொதியாகக் கட்டி, எல்லாப் பதிப்புகளிலும் இயங்கச் செய்வது ஸ்னாப்பின் நோக்கம். உலாவி போன்று அடிக்கடி மாறும் மென்பொருளை ஒவ்வொரு பதிப்புக்கும் தனித்தனியே தயாரிப்பது பெருஞ்சுமை என்ற கனோனிக்கலின் வாதத்தில் உண்மை உண்டு. ஆனால் 2019 ஒக்டோபரில் வெளிவந்த 19.10 பதிப்பில் நிகழ்ந்தது யாதெனில், ஏபிடி மூலம் குரோமியம் உலாவியைக் கேட்ட ஒருவருக்கு ஏபிடி வெற்றுப் பொதியொன்றை நிறுவி, உண்மையான உலாவியை ஸ்னாப் கடையிலிருந்து தருவித்தது. ஒரு கடையில் கேட்ட பொருளை, கேட்டவருக்குச் சொல்லாமலேயே வேறொரு கடையிலிருந்து வாங்கிக் கொடுப்பதற்கு ஒப்பானது இது. அந்த இரண்டாவது கடையையோ கனோனிக்கல் மாத்திரமே நடத்துகின்றது. அதன் சேவையக மென்பொருளின் மூலநிரல் வெளியிடப்படவில்லை. ஏபிடி களஞ்சியத்தை எவரும் பிரதி செய்து நடத்தலாம் என்பதையும் ஒப்பிட்டு நோக்குக.

லினக்ஸ் மின்ட் இதனை ஏற்கவில்லை. 2020 ஜூனில் வெளியான தனது 20 ஆவது பதிப்பில், ஏபிடி மூலம் ஸ்னாப் தானாக நிறுவப்படுவதை அது தடை செய்தது. அத்தடையும் பாவனையாளரைக் கேட்டு விதிக்கப்பட்டதன்று என்று ஒருவர் கூறக்கூடும். கூறலாம்தான். ஆனால் ஒரேயொரு கோப்பை நீக்கினால் அது நீங்கிவிடும், எவ்வாறு நீக்குவது என்பதையும் மின்ட் ஆவணப்படுத்தி வைத்திருந்தது. 2022 ஏப்ரலில் உபுண்டு 22.04 பதிப்பில் பயர்பொக்ஸும் ஸ்னாப்பாக மாறியபோது, திறப்பதற்குத் தாமதமாகின்றது என்ற முறைப்பாடுகள் பரவலாக எழுந்தன. 2023 செப்டெம்பரில் மின்னியல் நாணயப் பணப்பை எனப் பாசாங்கு செய்த போலி மென்பொருட்கள் ஸ்னாப் கடையில் காணப்பட்டதையடுத்து, புதிய பெயர்களை மனிதர்களே பரிசீலிக்கும் நடைமுறை கொண்டுவரப்பட்டது. தாமதத்தையும் போலிகளையும் திருத்திக்கொள்ளலாம். சொல்லாமல் மாற்றியமையால் ஏற்பட்ட அவநம்பிக்கை அவ்வளவு இலகுவில் தீருவதில்லை.

நமக்கு அண்மையான உதாரணமொன்றும் உண்டு. அநேகமான லினக்ஸ் வழங்கல்கள் பாவிக்கும் பொதுவான விசைப்பலகைப் பட்டியலில், இலங்கைக்குரிய பகுதியில் முதலாவதாக இருப்பது சிங்கள ஒலியியல் விசைப்பலகை. தமிழ் அதன் கீழ் ஒரு மாற்றுவடிவமாக வருகின்றது. அதுவும் தமிழ்நாட்டு அரசு அங்கீகரித்த தமிழ்நெற் 99 அமைப்பே. இலங்கை நியமமான ரெங்கநாதன் விசைப்பலகையைப் பெற வேண்டுமாயின் எம்17என் என்ற வேறொரு தொகுப்பைத் தேடிச் செல்ல வேண்டும். இதற்கு எவரது உள்நோக்கத்தையும் காரணமாகக் கூறத் தேவையில்லை. முன்வந்து எழுதிக் கொடுப்பவரின் ஒழுங்கே நிலைத்துவிடுவது இவ்வுலகின் வழமை. அதேவேளை, அவ்வொழுங்கை மாற்றுமாறு யாழ்ப்பாணத்திலிருந்தோ காத்தான்குடியிலிருந்தோ ஒருவர் காரணங்களுடன் பகிரங்கமாக விண்ணப்பிக்கவும், தாமே திருத்தத்தை எழுதி அனுப்பவும் வழியுண்டு.

டெபியனில் மற்றொரு தீர்மானம் 2025 ஒக்டோபர் 31 ஆம் திகதி அறிவிக்கப்பட்டது. ஏபிடி கருவிக்கு ரஸ்ட் என்ற நிரல் மொழி கட்டாயத் தேவையாக்கப்படும், அது 2026 மே மாதத்துக்கு முன்னர் நிகழாது, அம்மொழியை ஆதரிக்காத கணினி வகைகளைப் பேணுவோர் ஆறு மாதங்களுக்குள் அதற்கு வழிசெய்ய வேண்டும் அல்லது அவற்றைக் கைவிட வேண்டும் என அதன் பராமரிப்பாளர் ஒருவர் எழுதினார். பழைய மொட்டோரோலா 68000 வகைக் கணினிகள் போன்ற, வெகுசிலரே இன்னமும் பாவிப்பவற்றை இது பாதிக்கும். எட்டுப் பேர் கொண்ட குழுவோ வாக்கெடுப்போ இம்முறை அறிவித்தலுக்கு முன்னர் இடம்பெறவில்லை. தமது பொதி குறித்து அதன் பராமரிப்பாளரே முடிவெடுக்கலாம் என்பது டெபியனின் நெடுநாள் வழமை. ஆனால் ஏனைய பொதிகளெல்லாம் வந்து சேரும் வாயிலாகிய ஏபிடியையும் மற்றுமொரு பொதியாகக் கருதி அவ்வழமையைப் பிரயோகிக்கலாமா என்பது அங்குள்ளவர்கள் விடையளிக்க வேண்டிய கேள்வியாகும்.