கழிக்கப்பட்ட நிலம்: தஞ்சை மரபுச் சுற்றுலாக்கள் குறித்துச் சில குறிப்புகள்

காவிரிக் கழிமுகத்துக்கு வருகிற பயணிகளை இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு வகை, தோஷம் கழிக்க வருகிறவர்கள். சூரியனார்கோயிலில் தொடங்கித் திருநள்ளாறு வரை ஒன்பது தலங்களையும் ஒரே நாளில் முடித்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடிக்கிறவர்கள். 2024 பிப்ரவரியில் அரசுப் போக்குவரத்துக் கழகமே கும்பகோணத்திலிருந்து 750 ரூபாய்க் கட்டணத்தில் இதற்கென்று தனிப் பேருந்து விட்டது. இன்னொரு வகை, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட சிறு குழு. குளிர்சாதன வேன், கூடவே படித்த ஒரு வழிகாட்டி, அக்ரகார வீட்டை மாற்றியமைத்த விடுதியில் தங்கல். இவர்கள் சாமி கும்பிட வருவதில்லை; 'மரபை'ப் பார்க்க வருகிறார்கள். வெளிநாட்டார் மட்டும் வந்த காலம் போய், இப்போது சென்னை, பெங்களூர் மத்தியதர வர்க்கமும் பெருமளவு வருகிறது. 2022லும் 2023லும் 'பொன்னியின் செல்வன்' படத்தின் இரண்டு பாகங்களும் வெளிவந்தபின் இந்த ஆர்வம் கூடியது. இக்கட்டுரை இரண்டாம் வகையைப் பற்றியது. முதல் வகையினருக்குத் தாம் எதற்கு வந்தோம் என்பதில் குழப்பமில்லை.

நிகழ்ச்சி நிரல் ஏறத்தாழ ஒரே மாதிரிதான். முதல் நாள் காலை பெரிய கோயில், பிறகு அரண்மனை, சரசுவதி மகால், கலைக்கூடத்துச் செப்புத் திருமேனிகள். இரண்டாம் நாள் தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம், வழியில் சுவாமிமலையில் ஒரு வார்ப்புப் பட்டறை. மூன்றாம் நாள் 'கிராமம்': மாட்டு வண்டி, வாழை இலைச் சாப்பாடு, டிகிரி காப்பி, வயல் வரப்பில் ஒரு நடை. சில நிரல்களில் சேற்றில் இறங்கிப் பத்து நிமிஷம் நாற்று நடுவதும் உண்டு. கல், சோறு, பச்சை: மூன்று நாளுக்கு மூன்று பொருள்.

இதில் பொய் என்று எதுவும் இல்லை. கோயில் நிழல் தரையில் விழாது என்று சொல்லும் பழைய ரக வழிகாட்டிகளைவிட இவர்கள் எவ்வளவோ மேல். (நிழல் விழுகிறது. சாயங்காலம் போய் நின்று பாருங்கள்.) சோழர் வார்ப்புக்கும் விஜயநகர வார்ப்புக்கும் வேறுபாடு சொல்வார்கள், ராஜராஜனின் ஆட்சியாண்டைச் சொல்வார்கள். பிரச்சினை தகவலில் அல்ல, பிரிப்பில் இருக்கிறது. கல் என்பது வரலாறு, சோறு என்பது அனுபவம், வயல் என்பது காட்சி என்று மூன்று அறைகளாகத் தடுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கதவு இல்லாமல் கட்டுகிற காரியத்தைத்தான் மரபுச் சுற்றுலா என்கிற சொல்லாடல் செய்கிறது. வயலில் நிற்கும்போது கோயில் நினைவுக்கு வராது. கோயிலில் நிற்கும்போது நெல் நினைவுக்கு வராது.

ரோலான் பார்த் 1957இல் வெளியிட்ட 'தொன்மங்கள்' நூலில் பிரெஞ்சுப் பயண வழிகாட்டி நூல் ஒன்றைப் பற்றி ஒரு சிறு கட்டுரை உண்டு. அந்த வழிகாட்டியில் ஸ்பெயின் தேசம் நினைவுச் சின்னங்களாகவும் மேடுபள்ளமான அழகிய நிலமாகவும் மட்டும் மிஞ்சுகிறது, அங்கே வாழ்கிற மனிதர்கள் 'வகைமாதிரி'களாகச் சுருங்குகிறார்கள் என்பது அவர் வாதம். அப்போது ஸ்பெயினில் பிராங்கோவின் ஆட்சி நடந்துகொண்டிருந்தது என்பதை நாம் சேர்த்து வாசிக்க வேண்டும். தஞ்சைக்கு இந்தப் பார்வை புதிதல்ல. 1792இல் தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் பெரிய கோயிலை வரைந்தபோதே அது ஒரு காட்சிப் பொருளாகிவிட்டது. 1987இல் பெரிய கோயிலும், 2004இல் கங்கைகொண்டசோழபுரமும் தாராசுரமும் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்து 'வாழும் பெரும் சோழர் கோயில்கள்' என்று பெயர் பெற்றன. வாழும் என்றால் பூசை நடக்கிறது என்று பொருள். அதற்குமேல் அந்தச் சொல்லைப் போட்டுப் பார்க்க யாரும் துணியவில்லை.

ஆனால் பெரிய கோயில் இந்தப் பிரிப்புக்கு உடன்படுகிற பிரதி அல்ல. அதன் சுவர்களே அதை மறுக்கின்றன. 1010 வாக்கில் கட்டி முடிக்கப்பட்ட இந்தக் கோயிலின் கல்வெட்டுகளை ஹுல்ட்ஸ் 1890களிலேயே தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் பதிப்பிக்கத் தொடங்கினார். தானும், தமக்கையும், தேவியரும், பிறரும் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்ன அரசனின் ஆணையில் தொடங்கி அது ஒரு மாபெரும் கணக்குப் புத்தகம். அணிகலன்களின் முத்து எண்ணிக்கை, செப்புத் திருமேனிகளின் உயரம், விளக்குக்கு நெய் அளக்கும் இடையர்களிடம் ஒப்படைத்த ஆடுகள் (ஒரு விளக்குக்கு 96) என்று எல்லாம் இருக்கிறது. எல்லாக் கணக்கும் கடைசியில் நெல்லில்தான் வந்து முடிகிறது. எந்தெந்த ஊர் எத்தனை கலம் நெல்லைத் தஞ்சைக்குக் கொண்டுவந்து அளக்க வேண்டும், அதை எந்த மரக்காலால் அளக்க வேண்டும் என்பது வரை குறித்திருக்கிறார்கள். அந்த மரக்காலுக்கு ஆடவல்லான் என்று பெயர். கூத்தாடும் கடவுளின் பெயர் அளவைப் பாத்திரத்தின் பெயராகிறது என்பதை நம் வழிகாட்டி கலைக்கூடத்து நடராஜர் முன் நின்றே சொல்லலாம்.

ஊர்களின் நிலக்கணக்கு எழுதப்பட்டிருக்கும் முறையைச் சற்று விளக்க வேண்டும். முதலில் ஊரின் மொத்த நிலம். அதிலிருந்து வரி விழாத நிலங்கள் கழிக்கப்படுகின்றன: ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாணசேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. சுடுகாடும் ஒன்றல்ல, வெள்ளாளருக்கும் பறையருக்கும் தனித்தனி. தீண்டாச்சேரி என்ற சொல்லும் வருகிறது. இப்படிக் கழித்தபின் மிஞ்சும் நிலத்துக்குத்தான் நெல் கணக்கிடப்படுகிறது. கழிப்பதே இழிவு என்று அவசரமாக வாசித்துவிடக் கூடாது. நத்தமும் கோயிலுமே அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. ஆனால் குடியிருப்புகளைத் தனித்தனியாகப் பெயர் சொல்லிப் பிரிக்கிற ஒரு சமூகம் அந்தக் கணக்குக்கு முன்பே உருவாகியிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். உலகமே வியக்கும் விமானத்தைக் கட்டிய அரசின் ஆவணத்தில், நெல்லும் சேரியும் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. ஆயிரம் ஆண்டு கழித்து வரும் வேன், முதல் வரியை மட்டும் வாசித்துவிட்டு மதிய சாப்பாட்டுக்குப் போகிறது.

கணக்கில் ஏறிய பெண்களும் உண்டு. பல ஊர்க் கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், வந்த ஊர், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் எல்லாம் கல்லில் இருக்கிறது. இதை வழிகாட்டிகள் விரும்பிச் சொல்கிறார்கள், பரதநாட்டியத்தின் தொன்மைக்கு நல்ல ஆதாரம் என்பதால். அந்தத் தொடர்ச்சியின் மறுமுனையில் இதே காவிரிக் கரையில் மூவலூர் ராமாமிர்தம் நின்றார், 1936இல் 'தாசிகள் மோசவலை' எழுதினார் என்பதைச் சொல்வதில்லை. திருவையாற்றில் தியாகராஜர் சமாதியைக் கட்டி எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளே அங்கே ஆராதனையில் பெண்கள் பாட இடமில்லாமல் தனி ஆராதனை நடத்த வேண்டியிருந்தது என்பதும் நிரலில் வராது. வந்தால் இசை கெட்டுவிடுமா என்ன?

சோற்றுக்கு வருவோம். 'தஞ்சைச் சமையல்' என்று பரிமாறப்படுவது என்ன? இலைச் சாப்பாடு, ரசவாங்கி, கும்பகோணம் கடப்பா, பித்தளை டபராவில் காப்பி. கூடவே சம்பாஜியின் பெயரால் சாம்பார் வந்த கதை, சரபோஜி காலத்துப் பாகசாஸ்திர நூலைப் பற்றி ஒரு குறிப்பு. ருசியில் குறை சொல்ல நான் தயாரில்லை. ஆனால் அரண்மனையும் அக்ரகாரமும் சாப்பிட்டதை ஒரு நிலப்பகுதி முழுவதும் சாப்பிட்டதாகக் கட்டமைப்பது சாதாரண விஷயம் அல்ல. காப்பி எப்படி ஒரு வர்க்கத்தின், சாதியின் அடையாளமாகப் பேசப்பட்டது என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதி எழுதியிருக்கிறார். வரப்பு வளையில் பிடித்த நண்டு, நத்தை, வாய்க்கால் மீன், அறுப்பு முடிந்தபின் தோண்டிப் பிடிக்கிற எலி, பழைய சோறு என்று வயலில் வேலை செய்தவர்களின் சமையல் ஒன்று இருக்கிறது. அதுவும் அந்த மண்ணிலிருந்துதான் வந்தது. சொல்லப்போனால் அதுதான் நேராக மண்ணிலிருந்து வந்தது. 'மண்ணின் உணவு' என்று அச்சிட்ட பட்டியலில் அதற்கு இடமில்லை. ஒருவேளை நாளைக்கு வரலாம். நத்தையைத் தட்டில் அலங்கரித்து ஆயிரம் ரூபாய் விலை போட்டால் வரும். அப்போதும் அதைச் சமைத்தவர்கள் வரமாட்டார்கள்.

இனி வயல். உழைக்கும் நிலம் 'நிலக்காட்சி'யாக மாற வேண்டுமென்றால் பார்க்கிறவர் அதிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்பதை ரேமண்ட் வில்லியம்ஸ் 'கிராமமும் நகரமும்' (1973) நூலில் இங்கிலாந்தை வைத்து விரிவாகக் காட்டினார். தஞ்சையில் இந்த விலகலைச் செய்து கொடுக்கிற சொல் 'நெற்களஞ்சியம்'. களஞ்சியம் என்றதும் நெல் குவிந்து கிடக்கிறது, அது எப்படி அங்கே வந்து குவிந்தது என்ற கேள்வி மறைந்துவிடுகிறது. பச்சை வயலைக் காட்டும்போது அது குறுவையா, சம்பாவா, தாளடியா என்றாவது சொல்ல வேண்டாமா? 1934இல் மேட்டூர் அணை வந்தபின் ஜூன் 12 என்கிற தேதி இங்கே எப்படி ஒரு பண்டிகை போல ஆனது, அந்தத் தேதியில் தண்ணீர் வராத ஆண்டுகளில் என்ன ஆகிறது, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்தின் பங்கை 177.25 டிஎம்சி என்று குறைத்தது, அதே நவம்பரில் கஜா புயல் தென்னைகளைச் சாய்த்தது, இவையெல்லாம் வரப்பில் நின்று பேசக்கூடியவைதான். இதைவிட எளிய கேள்வி ஒன்று உண்டு: இந்த வயல் யாருடையது? பல இடங்களில் பதில் கோயில் அல்லது மடம் என்று இருக்கும். 1961 நில உச்சவரம்புச் சட்டம் பொது அறநிலையங்களின் நிலத்தை விட்டுவைத்தது. ஆக, முதல் நாள் பார்த்த கல்லும் மூன்றாம் நாள் பார்க்கும் பச்சையும் இன்றைக்கும் குத்தகைச் சீட்டில் சேர்ந்தே இருக்கின்றன.

நடவு வயல் ஓரம் வேன் நின்று படம் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். வரப்பேறி வந்த ஒரு அம்மா வழிகாட்டியிடம் கேட்டார்: "ஏந் தம்பி, ஊர்ல நாங்க இவ்வளவு காலமா நட்டுக்கிட்டுத்தானே இருக்கோம், இதுல என்னத்தப் பாக்குறாங்க?" அவர் சிரித்தார். ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கவில்லை. பிறகு என்னிடம் சொன்னார், "சார், எங்க அம்மாவும் நடவு ஆளுதான். அத இவங்ககிட்ட சொன்னா அதையும் படம் எடுப்பாங்க." இந்த மௌனத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நாள் கூலிக்கும் அன்பளிப்புக்கும் வேலை செய்கிற வழிகாட்டியிடம், நிறுவனம் அச்சடித்துக் கொடுத்த நிரலை மீறச் சொல்வது நம்மைப் போன்றவர்களுக்குச் சுலபம்.

நிரலை மீறினால் வேன் எங்கே போகும் என்று யோசிக்கலாம். 1940களில் பி. சீனிவாச ராவ் முன்னின்று கட்டிய சங்கம் சாணிப்பாலையும் சவுக்கடியையும் எதிர்த்துப் போராடிய மன்னார்குடி வட்டாரத்துக்குப் போகலாம். அந்தப் போராட்டத்தின் பின்னணியில்தான் 1952 பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கேத்லீன் கஃப் 1951இலும், ஆந்த்ரே பெத்தேல் 1961இலும் தங்கி ஆய்வு செய்த ஊர்களும் இந்தப் பக்கம்தான். அக்ரகாரமும் சேரியும் ஒரே வரைபடத்தில் வருகிற மாதிரி எழுதிய அவர்கள் நூல்களை எந்த வழிகாட்டிப் பயிற்சியிலும் வைக்கலாம். பிறகு கீழ்வெண்மணி. கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டதற்காகவும் செங்கொடியை இறக்க மறுத்ததற்காகவும் 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசையில் 44 பேர் எரிக்கப்பட்ட ஊர். அடுத்த ஆண்டு நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அரைப்படியும் ஓர் அளவைதான். ஆடவல்லான் மரக்காலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் பேசியாக வேண்டும். 1968இல் வெண்மணி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தபின் 'தஞ்சை' என்ற பெயரிலிருந்து அது நிர்வாக ரீதியாகவே வெளியேறிவிட்டது. சுற்றுலாவுக்கு இது வசதியாகப் போயிற்று.

நம்மவர்கள் ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று வெண்மணிக்குப் போகிறோம். அதுவும் ஒரு வகையில் சிறு குழுப் பயணம்தான்: வேன், கொடி, நினைவிடத்தில் முழக்கம், படம், திருவாரூரில் சாப்பாடு. அந்த வழியில் இருபுறமும் சம்பா கதிர் முற்றிக்கொண்டிருக்கும். தை பிறந்ததும் அறுப்பு. இப்போது அறுப்புக்கு ஆள் இறங்குவது குறைவு, மணிக்கணக்கு வாடகைக்கு இயந்திரம் வருகிறது. கதிர் அறுத்துக் கூலியாக நெல் வாங்கிய குடும்பங்களில் இளைஞர்கள் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போயிருக்கிறார்கள். சில இடங்களில் நடவுக்குப் பீகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சுற்றுலாப் பருவமும் இதே மாதங்கள்தான். மார்கழியிலிருந்து மாசி வரைக்கும் திருவாரூர்ச் சாலையில் மரபு வேன்களும் அறுவடை இயந்திரங்களும் ஒன்றுக்கொன்று வழி விட்டுப் போய்க்கொண்டிருக்கும்.