ஊமையாகிப் போன டெலிபோன்கள்

டெலிபோனில் நாம் வாய் திறப்பதற்கு முன்பே எக்ஸ்சேஞ்சுகள் தங்களுக்குள் பேசி முடித்துவிடுகின்றன, தெரியுமா? "ஓர் அழைப்பு வந்திருக்கிறது, வாங்கிக் கொள்கிறாயா?" என்று ஒன்று கேட்கும். "தயார், அனுப்பு" என்று மற்றொன்று சொல்லும். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில், பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் பொறுப்பது, எப்போது விடைபெறுவது - எல்லாவற்றுக்கும் சம்பிரதாயம் உண்டு. இதற்குத்தான் 'புரோட்டோகால்' என்று பெயர். அதைப் புரோகிராமாக எழுதி யந்திரத்துக்குள்ளேயே குடிவைத்துவிடுகிறார்கள் எஞ்சினீயர்கள்.

இதில் இம்மி பிசகினால் என்ன ஆகும்? 1990-ம் ஆண்டு ஜனவரி 15-ந் தேதி அமெரிக்கா அதைக் கண்ணாரக் கண்டது.

அன்று பிற்பகல் நியூயார்க்கில், ஏ.டி. அண்டு டி. கம்பெனியின் எக்ஸ்சேஞ்சு ஒன்றுக்கு லேசான கோளாறு. அப்படி நேர்ந்தால், "இப்போது அழைப்பு அனுப்பாதீர்கள்" என்று மற்றவற்றுக்குச் சொல்லிவிட்டு, சில விநாடிகளில் அது தன்னைத் தானே சரி செய்துகொண்டு எழுந்துவிடும். அன்றும் எழுந்தது. எழுந்த வேகத்தில் அழைப்புகளை மளமளவென்று அனுப்பத் தொடங்கியது.

வினை அங்கேதான் பிறந்தது! முதல் செய்தி வந்ததும், "ஓகோ, நியூயார்க் எழுந்துவிட்டது" என்று அடுத்த எக்ஸ்சேஞ்சு தன் கணக்கில் குறித்துக் கொள்ளும். குறித்து முடிப்பதற்குள், விநாடியில் நூறில் ஒரு பங்குக்குள், இரண்டாவது செய்தி வந்து கதவைத் தட்டியது. கணக்குக் குழம்பிற்று. உடனே அதுவும் படுத்துக் கொண்டது. அது எழுந்தபோது வேறொன்றைப் படுக்க வைத்தது. 114 எக்ஸ்சேஞ்சுகளும் இப்படி மாறி மாறி விழுவதும் எழுவதுமாக ஒரே கூத்து!

மாற்று யந்திரம் இல்லையா என்கிறீர்களா? இருந்தது. ஆனால் அதற்குள்ளும் அதே புரோகிராம்தானே! அண்ணன் விழுந்த பள்ளத்தில் தம்பியும் விழுந்தான்.

ஒன்பது மணி நேரம் அந்தக் கம்பெனியின் டிரங்க் கால்களில் ஏறக்குறையப் பாதி போய்ச் சேரவில்லை. நஷ்டம் ஆறு கோடி டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். யந்திரங்களுக்கிடையே ஓடிய செய்திகளின் நெரிசலைக் குறைத்த பிறகே, இரவு நிலைமை சீரடைந்தது.

பிறகு குற்றவாளி அகப்பட்டான். 1989 டிசம்பர் மத்தியில் எல்லா எக்ஸ்சேஞ்சுகளிலும் ஏற்றிய புதுப் புரோகிராமில், 'பிரேக்' என்ற ஒரே ஒரு கட்டளை தவறான இடத்தில் உட்கார்ந்திருந்தது! சோதனைகளில் அது கண்ணில் படவில்லை. செய்திகளை இன்னும் விரைவாகக் கவனிக்க வேண்டுமென்று செய்த மாற்றம் அது என்பதுதான் வேடிக்கை.

இன்று நம் வீட்டு மூலையில் விளக்கு மினுக்கும் இன்டர்நெட் பெட்டிக்குள்ளும் இத்தகைய புரோகிராம்கள்தான் இருக்கின்றன. இரண்டு பேர் ஒரே சமயத்தில் பேசினால், "ஒவ்வொருவராகச் சொல்லுங்கள்" என்கிறோம் நாம். யந்திரத்துக்கு அந்தப் புத்தியை மனிதன்தான் எழுதி வைக்க வேண்டும்.