கரிசல் வீட்டுக்கு ஓர் அடுப்பு

சங்கரன்கோவிலுக்கும் கோவில்பட்டிக்கும் இடைப்பட்ட கரிசல் பூமியில் இருக்கும் குருவிகுளத்துக்கு, சென்ற சித்திரை மாதத்தில் என் அத்தையைப் பார்க்கப் போயிருந்தபோது, பின்கட்டுத் திண்ணையில் பழந்துணி போர்த்தி வைத்திருந்த ஓர் அடுப்பைக் காட்டி, அதற்குப் பதிலாக எதை வாங்கலாம் என்று அவர் என்னிடம் யோசனை கேட்டார். அது விறகடுப்பு அன்று. கடலைத்தோல், கரும்புச்சக்கை, மரத்தூள் போன்ற கழிவுகளைப் பொடியாக்கி, இயந்திரத்தில் அழுத்தி, பென்சில் கனத்தில் துண்டு துண்டாக வார்த்தெடுக்கும் ‘பெல்லட்’ என்ற எரிபொருளுக்காகவே செய்யப்பட்ட அடுப்பு. பல வருஷம் உழைத்த பிறகு அதன் அடியில் இருந்த சிறு விசிறி நின்றுபோயிருந்தது. விசிறியை மட்டும் மாற்றினால் போதாதா என்று நான் கேட்டேன்.

“விசிறிய மாத்திரலாம்யா. அந்தக் குச்சிக்கு எங்க போக? குச்சி வரலேன்னா இது வெறும் டப்பாதான?” என்றார் அத்தை.

அடுப்புகளைப் பற்றிப் பல வருஷங்களாக நான் படித்ததும் பார்த்ததும் கேட்டதும் எல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிக் கிடப்பதாக எனக்குத் தோன்றியது. அடுப்பு வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் அடுப்பின் பளபளப்பையும் விலையையும் விசாரிக்கிறார்களேயன்றி, அந்த அடுப்பு தன் ஆயுள் முழுவதும் எதைத் தின்று உயிர் வாழப்போகிறது, அந்த ஆகாரம் தங்கள் ஊரில் எந்த மாதத்தில் யாரிடம் என்ன விலைக்குக் கிடைக்கும் என்று விசாரிப்பதில்லை.

பெல்லட் அடுப்பின் சாமர்த்தியத்தை முதலில் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். விறகு எரிவது என்று நாம் சாதாரணமாகச் சொல்வது உண்மையில் இரண்டு காரியங்கள்: சூடேறிய கட்டையிலிருந்து எரியக்கூடிய வாயுக்கள் கிளம்புவது ஒன்று, அந்த வாயுக்கள் காற்றோடு கலந்து சுவாலையாவது மற்றொன்று. திறந்த அடுப்பில் இவ்விரண்டும் ஒழுங்கின்றி நடைபெறுவதால், எரியாமல் தப்பிய வாயுவும் கரித்துகளும் புகையாகிச் சமைப்பவரின் கண்ணிலும் நெஞ்சிலும் போய்ச் சேருகின்றன. பெல்லட் அடுப்பிலோ, கலத்தில் நிரப்பிய துண்டுகளை மேலிருந்து பற்றவைக்கிறார்கள். அடியிலிருந்து வரும் அளவான காற்று அவற்றை வாயுவாக மாற்ற, விளிம்பை ஒட்டிய துவாரங்கள் வழியாக விசிறி செலுத்தும் இரண்டாவது காற்று அந்த வாயுவை முழுவதும் எரித்துவிட, விறகின் மஞ்சள் புகைச்சலுக்குப் பதிலாக ஏறக்குறைய எரிவாயு அடுப்பைப் போன்ற தெளிந்த சுவாலை கிடைக்கிறது. வீட்டுக்குள் எரியும் இத்தகைய புகையினால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருப்பதை நினைத்தால், இது சாமானிய அனுகூலம் அன்று.

குளிர் தேசங்களில் இதே பெல்லட்டை வீட்டைச் சூடாக்குவதற்கு உபயோகிக்கிறார்கள். கனடாவிலும் நார்வேயிலும் குடியேறிய நம்மவர்களில் சிலர் வீட்டுக் கூடத்தில், கண்ணாடிக் கதவு பொருத்திய இத்தகைய கணப்பைக் கண்டிருப்பார்கள்: மேலே ஒரு தொட்டியில் மூட்டையைக் கவிழ்த்துவிட்டால், ஒரு திருகுதண்டு மெள்ளச் சுழன்று துண்டுகளை வேண்டிய அளவுக்கு நெருப்புக்குள் தள்ளிக்கொண்டே இருக்கும். உக்ரைன் யுத்தம் தொடங்கிய 2022இல் ஐரோப்பாவில் பெல்லட்டின் விலை மளமளவென்று ஏறியபோது, அந்த அழகிய கணப்பை வைத்திருந்தவர்களும் என் அத்தை கேட்ட கேள்வியையே கேட்க நேர்ந்தது.

நம் நாட்டில் அந்தக் கேள்வி அதற்கு வெகுகாலம் முன்பே எழுந்துவிட்டது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எரிதல் ஆராய்ச்சிக் குழுவினரும் பி.பி. என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனியும் சேர்ந்து உருவாக்கிய ‘ஊர்ஜா’ என்ற பெல்லட் அடுப்பு, 2006ஆம் ஆண்டை ஒட்டி மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களின் கிராமங்களில் விற்பனைக்கு வந்தது. சுமார் அறுநூறு கிராம் பெல்லட் கொள்ளும் அந்தக் கலம் ஒரு தடவை நிரப்பினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம் எரியும். விசிறிக்கு மறுபடி மறுபடி மின்னேற்றும் பேட்டரி. சில ஆண்டுகளுக்குள் நான்கு இலட்சத்தை ஒட்டிய அடுப்புகள் விற்றுப்போயின. ஆனால் கழிவு என்று யாரும் சீந்தாதிருந்த சரக்குக்குத் தொழிற்சாலைக் கொதிகலன்கள் போட்டியாளராக வந்து சேர, மூலப்பொருளின் விலையும் அதைத் தொடர்ந்து பெல்லட்டின் விலையும் ஏறின. 2009இல் பி.பி. விலகிக்கொண்டது, தொழிலை ஏற்றுக்கொண்ட ஃபர்ஸ்ட் எனர்ஜி நிறுவனம் நாளடைவில் வீடுகளை விட்டு உணவகங்கள், பெரிய சமையற்கூடங்கள் பக்கம் திரும்பிற்று. அடுப்பின் விஞ்ஞானத்தில் பிழை இல்லை. எரிபொருள் மட்டும் ஏழைக் குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

அந்தப் போட்டி இப்பொழுது குறைந்துவிடவும் இல்லை. அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு ஐந்து சதவீதம் இத்தகைய தாவரப் பெல்லட்டைக் கலந்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின்சார அமைச்சகம் 2021 அக்டோபரில் விதித்தது. வயலில் கொளுத்தப்படும் வைக்கோலுக்கு அதனால் ஒரு பிரயோஜனம் பிறந்தது நல்லதே. ஆயினும் மாதம் ஐம்பது கிலோ வாங்கும் கிராமத்து வீடு, லாரி லாரியாக வாங்கும் மின்நிலையத்தோடு ஒரே சந்தையில் நிற்க வேண்டியிருக்கிறது என்பதை மறக்கலாகாது.

புகையற்ற அடுப்பைப் பற்றிய கவலை நம்மவர்க்குப் புதிதும் அன்று. ஜே. சி. குமரப்பா காரியதரிசியாக இருந்து நடத்திய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தின் வார்தா மகன்வாடியில், புகைபோக்கி வைத்த ‘மகன் சூலா’ என்ற மண் அடுப்பு உருவாயிற்று. அந்தப் பெரியவர் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது, குருவிகுளத்திலிருந்து அதிக தூரமில்லாத தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதனத்தில். பின்னர் 1983இல் தொடங்கி 2002 வரை மத்திய அரசு நடத்திய மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் நாடெங்கும் வைக்கப்பட்டன. எங்கள் வீட்டிலும் அத்தகைய ஒன்று இருந்தது. புகைபோக்கியில் கரி அடைத்தபோது அதை எடுக்கத் தெரிந்தவர் ஊரில் இல்லாமற்போகவே, இரண்டாம் வருஷத்தில் என் தாயார் அதை இடித்துவிட்டுப் பழைய கொடியடுப்பைப் போட்டுக்கொண்டார்.

இவற்றையெல்லாம்விட என் மனத்தில் நிற்பது கோவில்பட்டிப் பக்கத்து டீக்கடைகளில் நான் சிறுவனாக இருந்தபோது பார்த்த மரத்தூள் அடுப்பு. மர அறுவை மில்களிலிருந்து மூட்டையாக வரும் தூளை ஒரு தகர டின்னில், நடுவே ஒரு பாட்டிலையோ உருளைக் கட்டையையோ நிறுத்தி, அதைச் சுற்றிக் கையாலும் உலக்கை நுனியாலும் இறுக இறுகத் திணிப்பார்கள். கட்டையை மெள்ளத் திருகி உருவினால் நடுவில் சரியாத ஒரு துளை நிற்கும். அடியிலுள்ள வாய் வழியாகச் சுள்ளியைச் செருகிப் பற்றவைத்துவிட்டால், துளையின் உட்சுவர் பொறுமையாகக் கனன்று, ஊதுகுழலின் தயவை வேண்டாமல் மணிக்கணக்காக எரியும். தூளை இறுக்கினால் அடங்கி எரியும் என்பதையும், காற்று அளவாகப் போனால் புகை குறையும் என்பதையும் எந்தப் பரிசோதனைச் சாலையும் இல்லாமல் கண்டுகொண்ட அந்தக் கடைக்காரர்களை நான் பெல்லட் அடுப்பின் முன்னோர்களாகவே கருதுகிறேன். பக்கத்திலேயே தூள் கிடைத்தவரைக்கும் அந்த அடுப்பு வாழ்ந்தது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். நல்ல பெல்லட் ஒரு கிலோவில் சுமார் 4,000 கிலோ கலோரி உஷ்ணம் உண்டு. சமையல் எரிவாயுவில் சுமார் 11,000. விசிறி வைத்த கழிவு எரிபொருள் அடுப்பு, தன் உஷ்ணத்தில் குறைந்தது 35 சதவீதத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்றும், விசிறியில்லாதது 25 சதவீதமாவது கொடுக்க வேண்டும் என்றும் இந்தியத் தர நிர்ணயத்தின் ஐ.எஸ். 13152 என்ற விதி கூறுகிறது. எரிவாயு அடுப்புக்கு அந்த அளவு 68 சதவீதம். ஆகவே ஒரு கிலோ எரிவாயு செய்யும் வேலைக்கு ஐந்து கிலோவுக்குச் சற்று அதிகமான பெல்லட் வேண்டும், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 75 கிலோ. சிலிண்டர் 900 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வீட்டு வாசலில் வந்து இறங்கும் பெல்லட் கிலோ 12 ரூபாய்க்கு மேற்பட்டால் லாபம் இல்லை. இந்த ஒரு பெருக்கலை மனத்தில் வைத்துக்கொண்டவரை எந்த விற்பனையாளரும் ஏமாற்ற இயலாது.

பெல்லட்டிலும் தராதரம் உண்டு. ஒரு செம்புத் தண்ணீரில் போட்டால் நன்றாக அழுத்தியது மூழ்கும். சரியாக அழுத்தாதது மிதக்கும். உமிப் பெல்லட்டில் சாம்பல் மிகுதி, கடலைத்தோலிலும் மரத்தூளிலும் குறைவு. ஈரம் பட்டால் எல்லாமே உதிர்ந்து மாவாகிவிடும் என்பதால், ஐப்பசி அடைமழையில் மூட்டையை எங்கே வைப்பது என்று அடுப்பு வாங்குமுன்பே தீர்மானித்துக்கொள்வது உத்தமம்.

அத்தை வீட்டில் 2016க்குப் பிறகு எரிவாயுவும் வந்துவிட்டது. காப்பியும் குழம்பும் அதில்தான். அப்படியானால் இன்னோர் அடுப்பு எதற்கு என்று பட்டணத்தில் இருப்பவர்கள் கேட்கலாம். மார்கழிக் குளிரில் ஐந்து பேருக்கு வெந்நீர் போடவும், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்கவும், விசேஷ நாளில் பெரிய பானை ஏற்றவும் சிலிண்டரைச் செலவழிக்க எந்தக் கரிசல் குடும்பமும் மனம் ஒப்பாது. அத்தைக்கு வேண்டியிருந்தது பின்கட்டு அடுப்பு. அதற்கு ஆகாரமாகத் தை முதல் வைகாசி வரை வயலில் கிடைக்கும் பருத்திமாரும், வேலியோரத்தில் வெட்ட வெட்டத் தழைக்கும் சீமைக் கருவேலும் வீட்டிலேயே இருந்தன. ஆகையால் பெல்லட்டைத் தவிர வேறெதையும் ஏற்காத அடுப்பை நான் சிபாரிசு செய்யவில்லை. துண்டாக நறுக்கிய குச்சியையும் ஏற்று, கிடைத்தபோது பெல்லட்டையும் ஏற்று, விசிறி நின்றுபோனாலும் இயற்கைக் காற்றில் எரியக்கூடியது எதுவோ அதுவே உசிதம் என்றேன். புகை சற்றுக் கூடும். திறந்த பின்கட்டில் வைத்தால் கொடியடுப்பைக் காட்டிலும் எவ்வளவோ மேல்.

மறுநாள் சங்கரன்கோவில் கடைக்கு அத்தை தம்முடைய கம்மஞ்சோற்றுப் பானையையும் துடுப்பையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார். கடைக்காரர் மின்விசிறியின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் முதல் அடுப்பின் மேல் வெறும் பானையை வைத்து, கம்பு கிண்டுவது போலத் துடுப்பை ஊன்றி இரண்டு சுற்று சுற்றினார். அடுப்பு ஒரு பக்கம் தூக்கிற்று.

“இது ஆடுதுய்யா. கொதிக்கிற பானை கால்ல விழுந்தா யாரு பாக்க?”

“அடுத்ததப் பாருங்கத்தை, கால் அகலமா இருக்கு,” என்றேன்.

இரண்டாவது அசையவில்லை. அதன் வாய்க்குள் கையை விட்டு அளந்து பார்த்து, ஒரு சாண் பருத்திமார் நுழையும் என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே விலையைக் கேட்டார். நான் ஊர் திரும்பும்போது, பின்கட்டுத் தாழ்வாரத்தில் அந்த வருஷத்துப் பருத்திமார் சாண் சாணாக நறுக்கி அடுக்கப்பட்டு, மழைச்சாரல் படாதபடி அதன் மேல் தார்ப்பாய் விரிக்கப்பட்டிருந்தது.