திரைக்குள் வாழ்ந்தவர்கள் – 14: ஓநாய்க்குக் கேடயம் கொடுத்தவன்

2011 செப்டம்பரில் ஜப்பானில் 'டார்க் சோல்ஸ்' வெளிவந்தபோது, அதில் ஆர்டோரியஸ் ஒரு காட்சியில்கூடத் தோன்றவில்லை. கதை தொடங்குவதற்கு நெடுங்காலம் முன்பே அவன் இறந்துவிட்டான். இருந்தது அவன் கல்லறையும் அதைக் காக்கும் ஒரு ஓநாயும், அங்குமிங்கும் சிதறிக் கிடந்த சில பொருட்களும்தான். ஆனால் இன்றைக்கும் அந்த விளையாட்டை ஆடியவர்கள் கூடினால் பேச்சு அவனிடம்தான் வந்து நிற்கிறது.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த வீரர்களின் முன்கதையை யாராவது ஒருவர் நமக்குச் சொன்னார்கள். டார்க் சோல்ஸில் சொல்பவர் கிடையாது. ஒரு மோதிரத்தை எடுத்தால் அதன் குறிப்பில் இரண்டு வரி, ஒரு வாளை எடுத்தால் மூன்று வரி. கோத்துப் பார்ப்பது நம் வேலை. இயக்குநர் ஹிடேடகா மியாசகி சிறுவயதில் நூலகத்தில் எடுத்து வந்த புத்தகங்களில் புரியாத பகுதிகளை, கூட இருக்கும் படங்களை வைத்துத் தானே கற்பனை செய்து நிரப்பிக்கொண்டு படித்தவர். பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, 29 வயதில் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்தச் சிறுவனின் வாசிப்பு முறையை அவர் நம்மிடமும் எதிர்பார்க்கிறார்.

அப்படிக் கோத்தால் கிடைக்கும் கதை இது. சூரிய ஒளியின் அதிபதி க்வின். அவனிடம் நான்கு தளபதிகள்: டிராகன்களை வேட்டையாடிய ஆர்ன்ஸ்டீன், வில்லாளி காஃப், ஓசையின்றிக் கொல்லும் கியாரன், நான்காவதாக ஆர்டோரியஸ். பெருவாள் வீச்சில் நிகரில்லாதவன். எஃகு போன்ற மனவுறுதி கொண்டவன். உலகை விழுங்க வந்த பாதாள இருளுக்குள் காலூன்றி நடக்க, அந்த இருளின் உயிரினங்களோடே உடன்படிக்கை செய்துகொண்டு ஒரு மோதிரத்தைப் பெற்றான். இருளை வென்றான், ஊலசீல் நாட்டு இளவரசி டஸ்க்கைக் காப்பாற்றினான். 'பாதாளத்தில் நடந்தவன்' என்று பட்டம் பெற்றான். முழு வெற்றிக்கதை.

அந்த மோதிரம் இல்லாமல் விளையாட்டில் ஒரு கட்டத்துக்கு மேல் போக முடியாது. நான்கு அரசர்களைச் சந்திக்க நியூ லண்டோ இடிபாடுகளுக்கு அடியில் உள்ள இருளில் நாமும் இறங்க வேண்டும். மோதிரம் இல்லாமல் இறங்கினால் சாவுதான். அது இருப்பதோ சிஃப்பிடம். சிஃப் என்பது ஆர்டோரியஸோடு கூடவே வாழ்ந்த ஓநாய். வீட்டளவு வளர்ந்து, எஜமானின் கல்லறையில் காவல் கிடக்கிறது. நாம் நெருங்கியதும் அவன் வாளை வாயில் கவ்விக்கொண்டு சண்டைக்கு வருகிறது.

இந்தச் சண்டையைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். வேறு விளையாட்டுகளில் எதிரி சாகும் தறுவாயில் இன்னும் மூர்க்கமாவான். சிஃப் நொண்டுகிறது. வாளைத் தூக்கி வீசினால் அந்த வீச்சின் கனத்திலேயே தடுமாறி விழுகிறது. மறுபடி எழுந்து வருகிறது. நமக்கு அது எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அதன் இடத்துக்குள் புகுந்தது நாம். அடுத்த வெட்டை வெட்டக் கை வராது. ஆனாலும் வெட்டத்தான் வேண்டும், வேறு வழியை விளையாட்டு தருவதே இல்லை. வீடியோ கேம் என்ற கலையில் மட்டுமே சாத்தியமான துயரம் இது என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாவலில் ஓநாயைக் கொல்பவன் கதாநாயகன். இங்கே பொத்தானை அழுத்துவது நம் விரல்.

2012இல் 'ஆர்டோரியஸ் ஆஃப் த அபிஸ்' என்ற கூடுதல் பகுதி வந்தது. கடந்த காலத்து ஊலசீலுக்கு நாம் இழுத்துச் செல்லப்படுகிறோம். அங்கே ஒரு போர்க்களரியில் ஆர்டோரியஸை முதன்முறையாக நேரில் பார்க்கிறோம். இடது கை முறிந்து தொங்குகிறது. கிழிந்த நீல அங்கி. உடம்பெல்லாம் கரிய சேறுபோல் இருள் படிந்திருக்கிறது. பேச்சு இல்லை. இருள் அவனைத் தின்றுவிட்டது.

ஊலசீல் மக்கள் ஒரு பாம்பின் பேச்சில் மயங்கி, ஆதிமனிதன் ஒருவனின் கல்லறையைத் தோண்டி அவனைத் துன்புறுத்தியிருக்கிறார்கள். அவன்தான் மானஸ், அவனிடமிருந்தே பாதாளம் பெருகியது. அதைத் தடுக்கப் போன ஆர்டோரியஸ் தோற்றுவிட்டான். ஒற்றைக் கையால் வாள் வீசும் அவனைக் கொல்வதும் நாம்தான். பிறகு கீழே இறங்கி மானஸை வீழ்த்துவதும் இளவரசியை மீட்பதும் நாம்தான். அந்த வெற்றி பின்னாளில் அவன் பேரில் எழுதப்பட்டது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவன்மேல் மதிப்பு குறைய வேண்டும். எனக்குக் கூடியது. காரணம் பாதாளத்தின் ஆழத்தில் இருக்கிறது. அங்கே ஒரு பொய்ச் சுவருக்குப் பின்னால், குட்டி சிஃப் நடுங்கிக்கொண்டு நிற்கிறது. சுற்றிலும் இருளின் உருவங்கள். அதன்மேல் ஒளிரும் ஒரு தடுப்பு. தோல்வி நிச்சயம் என்றானபோது ஆர்டோரியஸ் தன் கேடயத்தைக் கொண்டு அந்தத் தடுப்பை எழுப்பிவிட்டு, கேடயம் இல்லாமலே இருளை எதிர்கொண்டிருக்கிறான். அவன் செய்யாததையெல்லாம் பாடிய புராணம், அவன் உண்மையில் செய்த இந்த ஒன்றைச் சொல்லவே இல்லை.

அவனைக் கொன்ற களரிக்குத் திரும்பிப் போனால் கியாரன் அங்கே அஞ்சலி செலுத்திக்கொண்டிருப்பாள். அவன் ஆன்மாவைத் தன்னிடம் தரும்படி கேட்பாள். கொடுத்தால் தன் இரண்டு கத்திகளையும் நமக்குத் தந்துவிடுவாள். கொடுக்காமல் அதை வலிமையான வாளாக வார்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. நான் கொடுத்தேன்.

குட்டி சிஃப்பைக் காப்பாற்றிவிட்டு நிகழ்காலத்துக்குத் திரும்பி, அதன்பிறகு கல்லறைக்குப் போகிறவர்களுக்குக் காட்சியே மாறுகிறது. சிஃப் நம்மை மோந்து பார்க்கிறது. அடையாளம் தெரிந்துகொள்கிறது. ஊளையிடுகிறது. பிறகு, எல்லாம் தெரிந்தும், வாளைக் கவ்வுகிறது. இருளில் இறங்கி அவனைப்போல் அழியாமல் நம்மைத் தடுக்கப் பார்க்கிறது என்று பல ஆட்டக்காரர்கள் வாதிடுகிறார்கள். எனக்கும் அந்த வாசிப்பில்தான் உடன்பாடு.

2016இல் வந்த மூன்றாம் பாகத்தில் ஃபாரன் படை என்று ஒரு கூட்டம் வருகிறது. ஓநாயின் இரத்தத்தைப் பகிர்ந்துகொண்டு, ஆர்டோரியஸின் வழியில் பாதாளத்தை எதிர்ப்பதாகச் சபதம் எடுத்தவர்கள். நாம் அவர்களைக் காணும்போது இருள் அவர்களுக்குள்ளும் புகுந்துவிட்டிருக்கிறது, ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்லப்பட்டது வெற்றிக்கதை மட்டும்தான் என்று நினைக்கிறேன். தோற்ற கதை தெரிந்திருந்தால் இன்னும் எச்சரிக்கையாக இருந்திருப்பார்கள்.

அடுத்த வாரம், அந்த நால்வரில் இன்னொருவனான காஃப். கண்ணை அடைத்துவிட்ட பிறகும் பறக்கும் டிராகனை அம்பால் வீழ்த்தியவன்.

(தொடரும்)